இறுகிப்போன பிரேக்கும் பியசேனவின் காலும்

கொழும்புக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் கப்பலில் வாந்தி எடுத்ததையும் மண்டபம் முகாமில் மருந்து வாடை அடித்ததையும் எழுதிவிட்டார்கள். எனக்கும் இரண்டும் நேர்ந்தன. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு காரின் பிரேக்கைப் பார்க்க.

கார் என் அத்தானுடையது. என் அக்காளைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவர், கொட்டாஞ்சேனையில் சாக்கும் கயிறும் விற்கும் கடை வைத்தார், வெள்ளவத்தையில் வீடு பிடித்தார், கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கி வாடகைக்கு ஓட விட்டார். அந்தக் காரின் பிரேக் யாரும் மிதிக்காமலே தானாக இறுகிக்கொள்கிறதாம். அங்கே இரண்டு பட்டறைகளில் காட்டியும் சரிப்படவில்லை. “நீ வந்து பார்த்தால்தான் இந்த வீட்டில் சோறு நிம்மதியாக இறங்கும்” என்று அக்காள் எழுதியிருந்தாள். அப்போது திருநெல்வேலியில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறை என் பொறுப்பில் இருந்தது. பிரேக் என்று ஒன்று இருந்தால் அது என் பேச்சைக் கேட்கும் என்று நான் நம்பிய காலம் அது. இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

கோட்டை ஸ்டேஷனுக்கு அந்தக் காரையே கொண்டுவந்திருந்தார் அத்தான். வண்டியை ஓட்டியவன் பியசேன என்ற சிங்களவன். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, சாரம், எண்ணெய் தடவி அழுத்தி வாரிய தலை. என் டிரங்குப் பெட்டியை வாங்கி வைத்த விதத்திலேயே ஆள் நிதானமானவன் என்று தெரிந்தது. கொள்ளுப்பிட்டி வரைக்கும் நன்றாகத்தான் போனோம். அப்புறம் ரப்பரும் துணியும் சேர்ந்து கருகும் வாடை ஒன்று மெல்ல உள்ளே வந்தது. இஞ்சின் முக்க ஆரம்பித்தது.

“காலை எடு பியசேன, காலை எடு!” என்று பின் சீட்டிலிருந்து கத்தினார் அத்தான்.

“கால் அங்க இல்ல முதலாளி” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

இந்த இரண்டு வாக்கியங்களும் வெள்ளவத்தை போய்ச் சேரும்வரை மாறி மாறிக் கேட்டன. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நாலு சக்கரத்திலிருந்தும் சூடு எழும்பியது. அக்காள் என்னை நலம் விசாரிப்பதற்கு முன்னால், “மறுபடியும் பிடிச்சுக்கிட்டுதா?” என்று வண்டியைத்தான் விசாரித்தாள்.

அன்று இரவுச் சாப்பாடு இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். நம் ஊரில் இடியாப்பத்தைச் சர்க்கரையோடு கொடுத்துக் குழந்தையை ஏமாற்றுவதுபோல் ஏமாற்றுவார்கள். இங்கே சம்பலில் மாசிக்கருவாட்டை இடித்துப் போட்டு, நாக்கில் ஒரு அடி கொடுத்து, அந்த அடிக்கு மருந்தாகச் சொதியை ஊற்றுகிறார்கள். நான் எத்தனை முறை தட்டை நீட்டினேன் என்பதை அக்காள் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டேன். சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு சரிவில் பிரேக் ஆயில் குழாய் வெடித்துவிட்டது. வண்டி நிற்காமல் ஓடி, ஒரு கடை முன்னால் அடுக்கியிருந்த தேங்காய்த் தும்பு மூட்டைகளில் போய்ப் புதைந்து நின்றது. பின் சீட்டில் அத்தான் இருந்தார். யாருக்கும் காயமில்லை. குழாயைப் புதிதாக மாற்றினார்கள். நிற்காமல் ஓடிய வண்டி அதன்பிறகு ஓடாமல் நிற்க ஆரம்பித்தது.

“அன்னைக்குப் பயந்தவன் இன்னும் பயம் தெளியல, மாப்ளே. காலை பிரேக் மேலேயே வச்சுக்கிட்டு ஓட்டுறான்” என்றார் அத்தான். “திங்கக்கிழமை சாவி சிறில் கையில. பேசி முடிச்சாச்சு.”

சிறில் என்பவன் கொட்டாஞ்சேனை வாடகைக் கார் ஸ்டாண்டில் இருக்கும் இன்னொரு டிரைவர்.

“ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்னைக்கு ஊரே ஓடுச்சு. அவன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு நம்மளை ஏத்திக்கிட்டுப் போனவன்” என்றாள் அக்காள்.

“அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?” என்று அத்தான் கை கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை பாணும் பருப்புக் கறியும். நம் ஊரில் ரொட்டி காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இங்கே கட்டுமஸ்தானவனும் அதைத்தான் தின்கிறான். அரிசிக்குக் கூப்பன், பெட்ரோலுக்குக் கூப்பன் என்று சண்டை முடிந்தும் முடியாத காலம் அது. வீட்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம், அதற்கும் பின்னால் கடல். ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும், போன பிறகு அலை கேட்கும். இப்படி ஒரு இடத்தில் கார் பழுது பார்ப்பது ஒரு சுகம். உப்புக் காற்றில் ஒவ்வொரு நட்டும் துருவேறி அடம்பிடிக்கும் என்பதைத் தவிர.

வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு டிரம்மையும் கழற்றினேன். பியசேன ஸ்பானரை நான் கேட்குமுன் எடுத்து நீட்டினான். ஷூக்கள் புதியவை. இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் புதியவை. சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டர்கள் பட்டுப்போல அசைந்தன. கைப்பிரேக் கம்பியில் குறையில்லை. பட்டறைக்காரர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே குனிந்து பெடலைப் பார்த்தேன். அதன் தண்டில் ஒரு வெள்ளை நூலும் ஒரு மஞ்சள் கயிறும் கட்டியிருந்தன.

“வெள்ளை நூல் களனி விகாரையிலே பிரித் ஓதினது மாத்தயா” என்றான் பியசேன. “நான் கட்டினேன்.”

“மஞ்சக் கயிறு ஜிந்துப்பிட்டி முருகன் கோயில்ல பூசை வச்சது” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அக்காள்.

அத்தான் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தினார். “கயிறு கட்டினா கார் நிக்கும்னா நான் கடையில பாதிச் சரக்கை இதுலயே கட்டியிருப்பேனே” என்றார். ஊருக்கெல்லாம் கயிறு விற்றுப் பிழைக்கும் மனிதருக்குக் கயிற்றில் நம்பிக்கையில்லை. நான் அவரைப்போல இல்லை. இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சக்கரங்களுக்குத் திரும்பினேன்.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பியசேனவை ஓட்டச் சொல்லிக் கல்கிசைக்குப் புறப்பட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு ஆண்பிள்ளையின் காலை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதலும் கடைசியும். செருப்பில்லாத கால். பிரேக் வேண்டியபோது பெடலுக்குப் போனது, வேலை முடிந்ததும் பூனை மாதிரி நகர்ந்துவிட்டது. தெகிவளை தாண்டியதும் கருகல் வாடை வந்தது. அவன் கால் அங்கே இல்லை. நானே சாட்சி.

கல்கிசையில் கடற்கரைப் பக்கம் ஒரு சிறு கடையில் உட்கார்ந்தோம். தேங்காய் ரொட்டி, அதற்கு அரைத்த மிளகாய், வெறும் தேயிலை. சர்க்கரைக்குக் கூப்பன் என்பதால் கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு தேயிலையைக் குடிக்க வேண்டும். காப்பியில் பிறந்து காப்பியில் வளர்ந்த நான் அன்று இரண்டு கோப்பை குடித்தேன். அதற்குள் வண்டி ஆறிவிட்டது. கையால் தள்ளினால் தள்ளுவண்டியைப்போல உருண்டது. சுட்டால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது. நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கின்றன, ஒன்றாக விடுகின்றன. ஆகவே கோளாறு சக்கரத்தில் இல்லை, நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

பியசேனவுக்கு அப்படி இல்லை. கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதலாளி அனுப்பினா பரவாயில்ல மாத்தயா. வேற கார் தேடலாம். ஆனா ஸ்டாண்டில எல்லாரும் கேக்கச் சொல்லிட்டாரு, பியசேன பிரேக் மேல கால் போட்டுத் தூங்கிற ஆள் எண்டு. இனி யாரு எனக்குச் சாவி தருவான்?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பஸ் கம்பெனியில் ஒரு டிரைவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால், அவன் தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. “திங்கட்கிழமைக்குள் கண்டுபிடிக்கிறேன்” என்றேன். வாக்குக் கொடுத்ததில் எனக்குப் பயமே இல்லை. எனக்குத் தெரியாத பிரேக்கா?

மறுநாள் நானே ஓட்டினேன். தினமும் காலையில் கோட்டைக்கு அந்தக் காரில் போகும் சவாரி ஒன்று உண்டு. அடுத்த வீட்டு நல்லதம்பி, யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் கிளார்க். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகப் பின்னால் அத்தானுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பியசேன என் பக்கத்தில். பம்பலப்பிட்டி தாண்டியதும், நடு காலி ரோட்டில், வண்டி முனகிக்கொண்டு நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவர் நம் பக்கத்து ஆள். “தள்ளணுமாய்யா?” என்று கேட்டார். தள்ளினால் அசையவில்லை.

“பாத்தீரே? உவரும் காலை எடுக்கேல்லை” என்றார் நல்லதம்பி, குடையால் என் காலைச் சுட்டிக்காட்டி.

“மாப்ளே, உனக்கும் அந்தப் பழக்கம் உண்டா?” என்றார் அத்தான். கேலியில்லை. நிஜமான கவலை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே கோபத்தோடு நடுரோட்டில் படுத்து, முன் சக்கரத்தின் உட்பக்கமுள்ள காற்றுப் போக்கும் நிப்பிளை ஸ்பானரால் லேசாகத் திருகினேன். பிரேக் ஆயில் என் சட்டையெல்லாம் பீய்ச்சி அடித்தது. அடித்த மறுகணமே ரிக்‌ஷாக்காரர் கை வைத்திருந்த கார் முன்னால் உருண்டது. “ஐயோ, போகுது!” என்று அவரே கத்தினார். பியசேன தாவிக் கைப்பிரேக்கை இழுத்தான்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்ற ஒரு சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் நாலு சக்கரத்திலும் ஷூக்களை விரிக்கும். காலை எடுத்தால் ஆயில் ஒரு சின்னஞ்சிறு துவாரம் வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். இங்கே போன ஆயில் திரும்பவில்லை. சூட்டில் பெருத்து, போக இடமில்லாமல், ஷூக்களை நெரித்துக்கொண்டு நிற்கிறது. துவாரம் அடைத்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

“கந்தோருக்குப் பிந்திப்போகுது தம்பி” என்றார் நல்லதம்பி. ஆயில் வடிந்த சட்டையோடு நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை. இறங்கி பஸ்ஸில் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க மாஸ்டர் சிலிண்டரோடு போயிற்று. அக்காள் சோறும் மீன் குழம்பும் கீரைச் சுண்டலும் வைத்துக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டாள். சிலிண்டரைக் கழற்றி, பிரித்து, சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையை உருவித் துவாரத்தில் விட்டுப் பார்த்தேன். இழை தங்குதடையில்லாமல் போய்வந்தது. அடைப்பு எதுவுமில்லை. மனம் ஒப்பவில்லை. மறுபடியும் பூட்டி, காற்றுப் போக்கி, சாயங்காலம் ஓட்டினேன். வீட்டுக்குத் திரும்புவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது.

அத்தான் பத்திரிகையை ஒரு பக்கம் திருப்பினார். அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் எழுந்ததுமே காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். துவாரம் திறந்திருந்தும் ஆயில் திரும்பவில்லை என்றால், உள்ளே இருக்கும் பிஸ்டன் கடைசிவரை பின்வாங்காமல் துவாரத்தை மறைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

“பியசேன, பெடலை மிதி” என்றேன். பிஸ்டனைத் தள்ளும் கம்பி முன்னால் போனது. “விடு.” திரும்பி வந்தது. “மிதி. விடு.” முழுக்க வரவில்லை. ஒரு நெல்லின் நீளம் இருக்கும், அவ்வளவு பாக்கி வைத்து நின்றது. நான் கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தேன். மேலே எங்கேயோ தடுக்கிறது. பெடலின் தண்டு காரின் தரைப்பலகையிலுள்ள ஒரு பிளவு வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அந்தப் பிளவில்தான் ஏதோ இடிக்கிறது.

வெளியே வந்து பெடலைப் பார்த்தேன். வெள்ளை நூலும் மஞ்சள் கயிறும் மிதித்து மிதித்துச் சரிந்து பிளவுக்கு மிக அருகில் வந்திருந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பட்டறைக்காரர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். நானும் அதைத்தானே செய்தேன்? வண்டியில் தொடாத இடம் என்று எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

சாமி கயிற்றை வெட்டக்கூடாது. கட்டியவர் கையால்தான் அவிழ்க்கவேண்டும். இதில் எனக்கும் பியசேனவுக்கும் அக்காளுக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. அக்காள் கை கால் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வந்து, வாய்க்குள் முருகனிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாள். ஸ்டியரிங் தண்டில் கட்டினாள். பியசேன தன் நூலை அவிழ்த்து நெற்றியில் தொட்டுத் தன் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டான்.

நான் மறுபடியும் அடியில் புகுந்தேன். “மிதி. விடு.”

கம்பி அதே இடத்தில் நின்றது.

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே வியர்த்தது. வெளியே வந்து, டார்ச் விளக்கை வாங்கித் தரைவிரிப்பைத் தூக்கினேன். பிளவுக்குச் சற்றுக் கீழே, விரிப்புக்கு அடியில் யார் கண்ணிலும் படாதபடி, கிரீஸ் படிந்த தண்டில் கறுப்போடு கறுப்பாக ஒரு சிறு பொட்டலம். மெழுகுத் துணியில் சுற்றி, கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கட்டைவிரல் பருமன். ஒவ்வொரு முறை பெடல் மேலே வரும்போதும் அது தரைப்பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. தாயத்து.

“இது யார் கட்டினது?”

“நான் இல்ல மாத்தயா” என்றான் பியசேன.

“எனக்குத் தெரியாதுப்பா. நான் ஒண்ணுதான் கட்டினேன்” என்றாள் அக்காள்.

அத்தான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக அவர் படித்து நான் பார்த்ததில்லை.

“சரி. ஆள் தெரியாத கயிறு. வெட்டிவிட வேண்டியதுதான்” என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

“ஏய், வெட்டாதே!” என்று பத்திரிகை பறந்தது.

பிறகு நடந்ததை நான் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் அக்காளுக்குத் திருப்தியிருக்காது. கொட்டாஞ்சேனையில் அத்தானின் கடைக்கு அடுத்த கடை ஒரு முஸ்லிம் பெரியவருடையது. எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். சரிவில் கார் ஓடிய அன்று அத்தான் பயந்துபோயிருந்ததைப் பார்த்து, ஓதிய தாயத்து ஒன்றைக் கொடுத்து, “இதைக் கார்ப் பெட்டிக்குள்ள பத்திரமா வைங்க” என்று சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் வைத்தால் அக்காள் பார்ப்பாள். இத்தனை நாள் கயிற்றைக் கேலி செய்த வாய் என்ன சொல்லும்? அதனால் விரிப்புக்கு அடியில். “பயம் பிரேக்குலதானே இருக்குன்னு அங்கேயே கட்டினேன்” என்றார்.

“எப்போ கட்டினீங்க?” என்று கேட்டேன்.

அவர் பறந்த பத்திரிகையைப் பொறுக்கப் போனார். பதில் தேவைப்படவில்லை. பிரேக் பிடிக்க ஆரம்பித்தது எப்போதோ அப்போது.

அத்தான் தொந்தியை மடக்கி, மூச்சு வாங்க, தலைகீழாகக் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிறு வியாபாரியின் முடிச்சு. அவருக்கே நேரம் பிடித்தது. பொட்டலம் கையில் வந்ததும் பெடல் டக்கென்று மேலே வந்து நின்றது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பியசேன பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

கல்கிசைக்குப் போய்த் திரும்பினோம். பிறகு இன்னொரு முறையும் போனோம். சக்கரத்தில் கை வைத்தால் சாதாரண வெதுவெதுப்பு. அத்தான் பெரிய மனதோடு சாவியைப் பியசேனவிடம் நீட்டினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. திங்கக்கிழமை வழக்கம்போல வா. சிறிலுக்கு நான் ஏதாவது சொல்லிக்கிறேன்.”

பியசேன சாவியை வாங்கினான். மேசைமேல் வைத்தான்.

“ஸ்டாண்டில சொன்னதை ஸ்டாண்டில வந்து திருப்பிச் சொல்லுங்க முதலாளி. அதுக்குப் பிறகு சாவி எடுக்கிறேன்.” எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்துவிட்டான்.

அத்தான் கொதித்தார். முதலாளி போய் டிரைவர்கள் முன்னால் நிற்பதா? கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அதுவும் தாயத்துக் கதையையா சொல்வது? சிறிலே ஓட்டட்டும், இவன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அக்காள் அவருக்கு முன்னால் இடியாப்பத்தை வைத்தாள். சம்பல் வைக்கவில்லை. சொதியும் வைக்கவில்லை.

“அங்க சொல்லத் தெரிஞ்ச வாய்தானே இது” என்றாள். அவ்வளவுதான் அன்று பேசினாள்.

அத்தான் என்னையும் பார்த்தார். நான் யார் பக்கம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. “பிரேக்கைச் சரிசெய்ய என்னால் முடிந்தது அத்தான். மிச்ச வேலை உங்களுடையது” என்றேன். அவர் வெறும் இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வெளுத்த வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கோட்டையைத் தாண்டி, டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் பார்த்து, கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தோம். மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளை முக்காடுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. பக்கத்துச் சந்தில் நாதஸ்வரம் கேட்டது. வெள்ளவத்தை விசிறிக்கொண்டு உட்காரும் ஊர் என்றால் கொட்டாஞ்சேனை தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் ஊர். திருநெல்வேலி டவுனை விட்டு வந்த எனக்கு இதுதான் சொந்த வீடு மாதிரி இருந்தது. அந்தச் சரிவு வந்தது. கீழே கப்பல்களின் புகைபோக்கிகள் தெரிந்தன. அத்தான் முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மிதித்தேன், வண்டி நின்றது. விட்டேன், உருண்டது. சரிவு முடியும்வரை அப்படியே செய்துகாட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் நான் அடக்கம் காட்டுகிற ஆள் இல்லை.

ஸ்டாண்டில் ஏழெட்டு டிரைவர்கள் தேயிலை குடித்துக்கொண்டிருந்தார்கள். சிங்களவர், தமிழர், மலாய்க்காரர் ஒருவர். பியசேன சலவைச் சட்டையோடு ஓரமாக நின்றான். அத்தான் இறங்கினார். கொஞ்ச நேரம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நடுவே போய்ச் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி புரியாது. பக்கத்தில் தேயிலை ஆற்றிக்கொண்டிருந்த ஜிந்துப்பிட்டிக்காரர் ஒருவர் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பியசேன கால் நல்ல கால்ங்கிறாரு. பிரேக்கு மேல கால் வச்சான்னு நான் சொன்னது பொய்ங்கிறாரு… இல்ல, பொய் இல்ல, பிழையாம். பிரேக்கைப் பிடிச்சது வேறயாம்.” ஆற்றுவதை நிறுத்தினார். “யாருக்கும் தெரியாம பெடல்ல தாயத்துக் கட்டினேன்ங்கிறாரு. அட, நம்ம முதலாளியா?”

சிரிப்புக் கிளம்பியது. மலாய்க்காரர் தேயிலையைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அத்தானின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனால் அவர் நிறுத்தவில்லை, கடைசிவரை சொல்லி முடித்தார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. என் அக்காளைக் கட்டிக்கொடுத்தது தப்பில்லை என்று நினைத்தேன். முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாவியைப் பியசேனவிடம் நீட்டினார்.

“சரிதானே?” என்று தமிழில் கேட்டார்.

பியசேன சாவியை எடுக்கவில்லை. தெருப் பக்கம் பார்த்தான். ஒல்லியான ஒருவன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, என்ன கூட்டம் என்று விசாரித்துக்கொண்டே வந்தான்.

“சிறில் இப்பதான் வாறான் முதலாளி” என்றான் பியசேன. “அவனுக்குக் கேக்கல.”

அத்தான் சிறிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிடக் கொஞ்சம் உரக்க, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.